தள்ளுபடி ஆகாத வழக்கு

மிருணாள் சென்னின் 'காரிஜ்' (1982) படத்தின் முடிவு பற்றி நண்பர்களிடையே ஒரு புகார் உண்டு. வேலைக்காரப் பையன் பாலன் இறந்துபோகிறான். எரித்துவிட்டுத் திரும்பும் தகப்பன் எஜமானன் எதிரே வந்து நிற்கிறான். அடிக்கப் போகிறான் என்று நாம் எண்ணும்போது, கைகூப்பி விடைபெற்றுக்கொண்டு போய்விடுகிறான். சென் கடைசி நிமிஷத்தில் பின்வாங்கி மத்தியதர வர்க்கத்தைத் தப்பவிட்டுவிட்டார் என்பது புகார். முதல் தடவை பார்த்தபோது எனக்கும் அப்படித்தான் பட்டது. இப்போது அப்படி நினைக்கவில்லை.

ராமபத சௌதுரியின் நாவல்தான் படத்திற்கு ஆதாரம். கல்கத்தாவில் ஒரு வாடகை வீடு. படித்த கணவன், மனைவி, ஒரு குழந்தை. கடுங்குளிர் இரவொன்றில் பாலன் வழக்கமாகப் படுக்கும் மாடிப்படி அடியை விட்டுவிட்டு, அடுப்பின் கதகதப்பைத் தேடிச் சமையலறைக்குப் போய்த் தாழிட்டுக்கொண்டு தூங்குகிறான். காலையில் கதவை உடைக்க வேண்டியிருக்கிறது. கரியடுப்பிலிருந்து வந்த கார்பன் மோனாக்ஸைடுதான் காரணம் என்று பிறகு தெரிகிறது.

அதன்பின் போலீஸ், பிரேதப் பரிசோதனை, வக்கீல். இவர்கள் கேட்பதெல்லாம் பதில் உள்ள கேள்விகள். சமையலறையில் காற்றுப்போக்கி இருந்ததா? இல்லை. அப்படியானால் வீட்டுக்காரர் பொறுப்பு. தாழ்ப்பாள் போட்டது யார்? பையனே. இப்படிப் பொறுப்பு கைமாறிக்கொண்டே போகிறது. குளிருக்கு ஒதுங்க அந்த வீட்டில் அவனுக்கு வேறு இடம் ஏன் இல்லை என்ற கேள்விக்கு மட்டும் எந்தப் படிவத்திலும் கட்டமில்லை.

சென் இந்தத் தம்பதியைக் கொடியவர்களாக்கவில்லை. ஆக்கியிருந்தால் நாம் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்போம். அஞ்சன் தத்தின் முகத்தில் மாட்டிக்கொள்வோமோ என்ற பயம் எது, குற்ற உணர்வு எது என்று பிரித்தறிய முடிவதில்லை. அவனுக்கே தெரியாது என்றுதான் நினைக்கிறேன். படத்தின் மிகக் கூர்மையான அவதானிப்பு இது.

இப்போது அந்த அடிக்கு வருவோம். அது விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அஞ்சன் கன்னத்தைத் தடவிக்கொண்டு தண்டனையை வாங்கிக்கொண்டிருப்பான். கூடவே பார்வையாளனும் வாங்கிக்கொண்டிருப்பான். வங்கியில் வேலை பார்ப்பவனுக்கு இது புரியும்: பணம் கட்டியவன் ரசீதோடு போய்விடுவான். தகப்பனின் கும்பிடு அந்த ரசீதைத் தர மறுக்கிறது. அவன் மன்னித்துவிட்டானா, நடந்தது எதுவுமே அவனுக்கு விளங்கவில்லையா என்பதுகூடத் தெரிவதில்லை. 'காரிஜ்' என்றால் தள்ளுபடி. சட்டத்தின் முன் வழக்கு முடிந்துவிட்டது. முடித்துவைக்க வேறு யாருக்கும் அதிகாரமில்லை.

1983இல் கான் திரைப்பட விழாவில் இப்படம் நடுவர் பரிசு பெற்றது. பதினான்கு வயதுக்கு உட்பட்டவர்களை வீட்டு வேலைக்கு வைக்கக்கூடாது என்ற தடை நடைமுறைக்கு வர 2006 அக்டோபர் வரை ஆயிற்று. தடை தேவையானதுதான். ஆனால் 'காரிஜ்' பேசுவது, சட்டத்தை மீறாமலே ஒரு சாவுக்குக் காரணமாக இருக்க முடியும் என்பதைப் பற்றி.

எங்கள் கிளைக்குத் தேநீர் கொண்டுவரும் பையனோடு இரண்டு வருஷமாக முகமன் பரிமாறிக்கொள்கிறேன். இரவில் எங்கே படுக்கிறான் என்று கேட்டதில்லை. படத்தை இரண்டாம் தடவை பார்த்த மறுநாள் கேட்க நினைத்தேன். கவுண்ட்டரில் கூட்டம் இருந்தது. இன்னும் கேட்கவில்லை.