விலையும் பெறுமதியும்: பழைய கொமிக்ஸ் பிரதிகளைத் தரமிடுதல் குறித்து

ஒரு நூலை எப்படி மதிப்பிடுவது என்ற கேள்வி இலக்கிய விமர்சகர்களுக்கு மட்டுமே உரியது என நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அமெரிக்காவில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக இன்னொரு கூட்டத்தினர் இதே கேள்வியைக் கேட்டு, அதற்குத் தசமப் புள்ளியில் விடையும் எழுதி வருகின்றனர். பழைய கொமிக்ஸ் புத்தகங்களைச் சேகரிப்போர், விற்போர், அவற்றுக்குத் தரமிடுவோர் ஆகியோரையே குறிப்பிடுகிறேன். அவர்களது முறையை ஒரு விமர்சன முறையாகவே எடுத்துக்கொண்டு, அதன் பலத்தையும் பலவீனத்தையும் நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும். சித்திரக்கதை பற்றி ஓர் இலக்கியச் சஞ்சிகையில் பேச வேண்டுமா எனச் சிலர் முகம் சுளிக்கக்கூடும். அந்த முகச்சுளிப்பும் இந்த வரலாற்றின் ஒரு பகுதிதான்.

1938 ஜூன் எனத் திகதியிடப்பட்டு வெளிவந்த 'அக்ஷன் கொமிக்ஸ்' முதலாவது இதழின் விலை 10 சதம். சுப்பர்மேன் அதில்தான் அறிமுகமானான். ஏறத்தாழ இரண்டு இலட்சம் பிரதிகள் அச்சிடப்பட்டன. இன்று எஞ்சியிருப்பவை நூறளவில் இருக்கலாம் என்பது சேகரிப்பாளரின் மதிப்பீடு. மற்றவை எங்கே போயின? பிள்ளைகள் அவற்றை வாசித்தார்கள், மடித்தார்கள், கைமாற்றினார்கள். தாய்மார் குப்பையில் போட்டார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பழைய தாள் திரட்டும் இயக்கங்கள் பெருந்தொகையை விழுங்கின. 1948 இல் சில ஊர்களில் பெரியோரும் ஆசிரியரும் முன்னின்று கொமிக்ஸ் புத்தகங்களைக் குவித்து எரித்தனர். 1954 இல் உளமருத்துவர் பிரெட்ரிக் வேர்த்தம் எழுதிய நூலும், அதே ஆண்டு செனற் உபகுழு நடத்திய விசாரணையும் சிறுவர் குற்றங்களுக்குக் கொமிக்ஸே காரணம் என்ற எண்ணத்தை நாடெங்கும் பரப்பின. ஆக, இந்தப் புத்தகங்களின் அருமைப்பாடு அவற்றின் மீதிருந்த மதிப்பால் உண்டானதல்ல, அவமதிப்பால் உண்டானது. எல்லோரும் பத்திரப்படுத்தியிருந்தால் இன்று எவரும் இலட்சம் கொடுக்க மாட்டார்கள்.

1970 இல் ரொபேர்ட் ஓவர்ஸ்ட்ரீட் என்பவர் தமது முதலாவது விலை வழிகாட்டி நூலை வெளியிட்டார். ஒவ்வோர் இதழுக்கும் அதன் நிலைக்கேற்ப விலை குறிக்கும் இந்நூல் அதன் பின்னர் தொடர்ந்து திருத்தி வெளியிடப்பட்டு வந்துள்ளது. ஆரம்பத்தில் 'நல்லது', 'மிக நல்லது', 'புத்தம் புதியது' போன்ற சொற்களே தரங்களாக இருந்தன. ஆனால் விற்பவரின் 'மிக நல்லது' வாங்குபவரின் 'நல்லது' ஆகக்கூட இருப்பதில்லை. இந்தப் பிணக்கைத் தீர்க்கவென 2000 ஆம் ஆண்டு சீ.ஜீ.சீ. என்ற கம்பனி தொழிலை ஆரம்பித்தது. அது வாங்குவதும் இல்லை, விற்பதும் இல்லை. கட்டணம் பெற்றுக்கொண்டு, ஒன்றுக்கு மேற்பட்ட தரமிடுவோரைக் கொண்டு பிரதியைப் பரிசீலித்து, 0.5 தொடக்கம் 10 வரையான அளவுகோலில் புள்ளி வழங்குகிறது. முதுகில் விழுந்த மெல்லிய கீறல்கள், கம்பியில் ஏறிய துரு, மூலை மழுங்கல், நீர்க்கறை, தாளின் நிறம் யாவும் கணக்கில் எடுக்கப்படும். பழுது பார்க்கப்படாத பிரதிக்கு நீல நிறச் சீட்டு, திருத்தப்பட்டதற்கு ஊதா. பின்னர் புத்தகம் ஒளி ஊடுருவும் கடினமான பிளாஸ்டிக் உறைக்குள் அடைத்து மூடப்படும். அதன்பின் அதைத் திறந்தால் புள்ளி செல்லாது.

இம்முறையின் நன்மையை முதலில் சொல்வதே நியாயம். கொமிக்ஸ் சந்தையில் ஏமாற்று பழையது. ஓரங்களை மெல்ல வெட்டி நேராக்குவது, மங்கிய அட்டையில் வர்ணம் தீட்டுவது, ஒரு பிரதியின் நடுத்தாளைக் கழற்றி இன்னொன்றில் செருகுவது என்பன கைதேர்ந்த கலைகளாக இருந்தன. 1974 இல் டீ.சீ. நிறுவனம் முதலாவது அக்ஷன் கொமிக்ஸைப் பெரிய அளவில் மறுபதிப்புச் செய்தபோது, அதன் வெளியட்டையைக் கழற்றிவிட்டு மூலப் பிரதி எனச் சொல்லி விற்றவர்களும் இருந்தார்கள். இத்தகைய சூழலில் பக்கம் சாராத ஒருவர் பார்த்துச் சொல்வது அவசியமே. விலை இல்லாதிருந்தால் இந்தத் தாள்களைக் காக்க எவரும் முனைந்திருக்கவும் மாட்டார்கள். மட்டமான செய்தித்தாளில் அச்சிடப்பட்டவை அவை. மரக்கூழிலிருந்து வரும் அமிலம் உள்ளிருந்தே அவற்றை அரிக்கிறது. அமிலமற்ற அட்டையும் மைலார் உறையும் குளிர்ந்த உலர்ந்த அறையும் பணம் பற்றிய நினைவு வந்த பின்னரே வந்தன.

ஆயினும் எனது ஐயம் இங்கேதான் ஆரம்பமாகிறது. ஆசிரிய கலாசாலையில் மதிப்பீடு பற்றிக் கற்ற எவருக்கும் இரண்டு சொற்கள் மறக்காது. ஒன்று நம்பகத்தன்மை, மற்றது ஏற்புடைமை. ஒரே விடைத்தாளை மூவர் திருத்தினாலும் ஒரே புள்ளி வருமானால் அது நம்பகத்தன்மை. எதை அளக்க வேண்டுமோ அதையே அளந்தோமா என்பது ஏற்புடைமை. அழகான கையெழுத்துக்கு மட்டும் புள்ளி வழங்கினால் மூவரும் ஒத்துப்போகலாம். ஆனால் பிள்ளைக்குக் கணிதம் தெரியுமா என்பது தெரியாமலே போய்விடும். கொமிக்ஸ் தரமிடுதலில் நம்பகத்தன்மை கணிசமாக உண்டு. அது அளப்பது புத்தகத்தை அல்ல, தாளை. கதை நன்றா, சித்திரம் நன்றா, அந்த இதழ் பிள்ளை மனத்தில் என்ன செய்தது என்ற வினாக்களுக்கு அந்தச் சீட்டில் இடமில்லை. 9.8 பெற்ற மட்டமான கதையும் உண்டு, 1.0 பெற்ற மகத்தான கதையும் உண்டு.

இன்னும் ஒரு படி செல்லலாம். இந்த அளவுகோல் வாசிப்பைக் கணக்கில் எடுக்காமல் விடுவதோடு நிற்பதில்லை, வாசிப்புக்குத் தண்டனையும் விதிக்கிறது. ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் முதுகில் ஒரு கீறல், ஒவ்வொரு கீறலுக்கும் ஒரு குறைப்பு. 1977 இல் கொலராடோவில் வெளிப்பட்ட எட்கர் சேர்ச் சேகரிப்பு இத்துறையில் புகழ்பெற்றது. 18,000 இற்கு மேற்பட்ட இதழ்கள், பெரும்பாலானவை கடையிலிருந்து வந்த அன்றைய நிலையில். விளம்பர ஓவியராயிருந்த அவர் அவற்றை வாங்கி அடுக்கி வைத்திருந்தார். அம்மலைப் பிரதேசத்தின் உலர்ந்த காற்றும் துணை செய்தது. சேகரிப்பாளர் அதைக் கொண்டாடுவது புரிகிறது. ஆனால் அந்தக் கொண்டாட்டத்தின் உட்பொருள், பிள்ளைகளின் கை படாத புத்தகமே உயர்ந்த புத்தகம் என்பதாகும்.

இது கடல் கடந்த நாட்டுப் பைத்தியம் என நாம் தள்ளிவிட முடியாது. எங்கள் கிராமப் பாடசாலைகளில் ஆண்டிறுதிக் கணக்கெடுப்பின்போது எந்தப் புத்தகம் 'நன்னிலை' எனப் பதியப்படுகிறது? அலுமாரியை விட்டு வெளியே வராததுதான். வாசிப்பு மூலையில் அட்டை கிழிந்து, கம்பி கழன்று, பக்கம் பறந்து கிடக்கும் சித்திரக்கதையே பிள்ளைகள் கொடுத்த முதலாம் தரம் என்பது எனது அபிப்பிராயம். பதிவேட்டில் அது 'கழிக்கப்பட வேண்டியது'. அமெரிக்கரின் பிளாஸ்டிக் உறையும் நமது பூட்டிய அலுமாரியும் ஒரே சிந்தனையின் இரண்டு வடிவங்கள்.

சரி, புள்ளி இருக்கட்டும், விலையாவது உறுதியானதா? 2021 ஏப்ரலில் 8.5 புள்ளி பெற்ற முதலாவது அக்ஷன் கொமிக்ஸ் பிரதியொன்று 32 இலட்சத்து 50 ஆயிரம் டொலருக்கு விற்கப்பட்டது. 2024 ஏப்ரலில் அதே 8.5 பெற்ற இன்னொரு பிரதி 60 இலட்சம் டொலருக்குப் போனது. அதே கதை, அதே புள்ளி, மூன்றே ஆண்டுகள். மாறியது வாங்குவோரின் கையிலிருந்த பணம் மாத்திரமே. இதற்கு நேரெதிரான அனுபவமும் உண்டு. 1991 இல் வெளிவந்த 'எக்ஸ்-மென்' புதிய முதலாவது இதழ் 80 இலட்சம் பிரதிகள் வரை விற்பனையானது. நாளை விலை ஏறும் என்ற நம்பிக்கையில் ஒருவரே பல பிரதிகளை வாங்கி உறையிலிட்டனர். எல்லோரும் பத்திரப்படுத்திய பொருள் எப்படி அரிதாகும்? 1990களின் நடுப்பகுதியில் சந்தை சரிந்தது, ஏராளமான கடைகள் மூடப்பட்டன, 1996 டிசம்பரில் மார்வல் நிறுவனமே வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியது. உறையின் நம்பிக்கைக்கும் சேதம் வந்தது. 2023 இறுதியில், சீ.ஜீ.சீ. உறைகளுக்குள் தரங்குறைந்த பிரதிகளை மாற்றி வைத்து உயர்ந்த புள்ளியோடு விற்ற மோசடி அம்பலமானது. சீட்டை வாசித்தவர்கள் புத்தகத்தை வாசிக்கவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இப்போது அந்தப் புத்தகத்தையே திறப்போம். மறுபதிப்புகள் இருப்பதால் கோடீஸ்வரனாக வேண்டிய அவசியமில்லை. பதின்மூன்று பக்கங்கள்தான் அக்கதை. அதில் வரும் சுப்பர்மேன் வேற்றுக்கிரகப் படைகளோடு மோதுபவனல்லன். குற்றமற்ற ஒரு பெண்ணை மின்சார நாற்காலி மரண தண்டனையிலிருந்து காப்பாற்றுகிறான், மனைவியை அடிக்கும் கணவனைத் தண்டிக்கிறான், செனற்றரை விலைக்கு வாங்கும் தரகனைத் துரத்துகிறான். பொருளாதாரப் பெருமந்தத்தில் நொந்த ஏழை மக்களின் ஏக்கம் அது. எழுதிய ஜெரி சீகலும் வரைந்த ஜோ ஷஸ்ரரும் அந்தப் பாத்திரத்தின் உரிமையை 130 டொலருக்கு எழுதிக் கொடுத்தவர்கள். பல்லாண்டு வழக்காடித் தோற்று, வறுமையுற்று, 1975 இல் பத்திரிகைகளில் முறையிட்ட பின்னரே ஆண்டுக்கு 20,000 டொலர் உதவிப்பணமும் தம் பெயர் அச்சிடப்படும் உரிமையும் பெற்றனர். அந்த 130 டொலரையும் உள்ளடக்கிய பழைய காசோலை 2012 இல் ஏலத்துக்கு வந்து 1,60,000 டொலருக்கு விற்கப்பட்டது. எழுதியவனுக்குக் கொடுத்த கூலியின் கடதாசி, அக்கூலியிலும் ஆயிரம் மடங்குக்கு மேல்! ஷஸ்ரர் 1992 இலும் சீகல் 1996 இலும் காலமாகிவிட்டனர். எளியோருக்காகப் பிறந்த வீரன் செல்வந்தரின் முதலீடாகிப் பெட்டிக்குள் இருக்கிறான்.

தமிழிலும் இச்சேகரிப்பு வழக்கம் உண்டு. 1972 இல் சிவகாசியிலிருந்து ஆரம்பமான முத்து காமிக்ஸ் 'இரும்புக்கை மாயாவி'யோடு வந்தது. அவன் 'வேலியன்ற்' என்ற பிரித்தானியச் சிறுவர் இதழிலிருந்து வந்த விருந்தாளி. 1984 இல் லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் தோன்றின. அந்த வயதில் எழுத்துக்கூட்டி வாசித்த என் போன்றோருக்குத் தமிழ் வசனத்தின் வேகத்தைக் கற்பித்தவை அவை. இன்று அவற்றின் ஆரம்ப இதழ்களைத் தேடுவோர் பலர். தமிழ்ச் சேகரிப்பாளரிடம் எனக்கு ஒரு விண்ணப்பம் மட்டும் உண்டு. தசமப் புள்ளியைக் கடன் வாங்குமுன், அந்தத் தமிழாக்கங்களின் மொழியைப் பற்றி, மொழிபெயர்த்தவர்களைப் பற்றி, அவற்றை வாசித்து வளர்ந்த தலைமுறையைப் பற்றி எழுதுங்கள். அந்த விமர்சனம் இன்னும் போதியளவு எழுதப்படவில்லை.

நான் கண்ட முடிவு இதுதான். தாளுக்குப் புள்ளி வழங்குங்கள், அது வணிகத்துக்குத் தேவை. பழைய தாளைக் காப்பாற்றுங்கள், அது வரலாற்றுக்குத் தேவை. ஆனால் அந்தப் புள்ளியை நூலின் தரம் என அழைக்காதீர்கள். விலை என்பது ஒருவர் விட்டுக்கொடுக்க மறுப்பதையும் இன்னொருவர் பெறத் துடிப்பதையும் காட்டும் எண். பெறுமதி என்பது வாசித்தவரிடம் தங்குவது. முன்னையது உறைக்குள் பத்திரமாக இருக்கும். பின்னையது உண்டாக வேண்டுமானால் யாராவது ஒருவர் புத்தகத்தின் முதுகு மடியத் திறந்தே ஆக வேண்டும்.