ஒன்பது சாஸும் ஒரு தட்டு நாசி கண்டாரும்

துப்பறியும் நாவல்களிலிருந்து பிறக்கும் சமையல் புத்தகங்களை வியாபாரத் தந்திரம் என்று ஒதுக்கிவிடலாம். பல அப்படித்தான், கேக்குக்குக் கொலைகாரன் பெயர் சூட்டப் பெரிய மூளை வேண்டாம். துப்பறிவாளர் நீரோ உல்ஃபைப் படைத்த ரெக்ஸ் ஸ்டவுட்டின் சங்கதி வேறு. 1938இல் வந்த ‘டூ மெனி குக்ஸ்’ நாவலில் கொலை விழுவதே ஒரு ருசிப் போட்டியின் நடுவில்தான். ஒன்பது தட்டுகளில் ஒரே சாஸ். ஒவ்வொன்றிலும் ஒரு பொருள் குறையும், எது என்று நாக்கு சொல்லவேண்டும். சுவையே அங்கே சாட்சி. ஆகவே 1973இல் வெளியான ‘நீரோ உல்ஃப் குக்புக்’ ஒட்டுவேலை அல்ல. கதைக்குள் கொதித்ததையே அது அடுப்பில் ஏற்றியது.

பினாங்கின் ஜார்ஜ் டவுனை வைத்து அப்படியொரு சமையல் புத்தகம் எழுதினால், இந்த அளவுகோலுக்கு ஈடுகொடுப்பது நாசி கண்டார். தமிழ் முஸ்லிம்கள் ஒரு காலத்தில் காவுதடியில் சுமந்து விற்ற சோறு இது. மீன் கறி, கோழிக் கறி, மாட்டுக்கறிக் குழம்பு என ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றுவார்கள்; ‘பஞ்சிர்’ கேட்டால் சோறே மூழ்கிவிடும். எந்த ருசி எந்தச் சட்டியிலிருந்து வந்தது என்று பிரிக்க உல்ஃபே திணறுவார். மசாலாக் கணக்கை வெளியே சொல்லாத கடைகளை வைத்துச் சமையல் குறிப்பு எழுதுவது எப்படி என்று கேட்கலாம். நியாயம்தான், துப்பறிபவர் கடைசி அத்தியாயத்தில் உண்மையைச் சொல்லியாகவேண்டும், சமையல்காரரான பண்டாரிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. எழுதுபவர் ஸ்டவுட்டின் போட்டியையே கடன் வாங்கட்டும்: ஒரு பொருளை விட்டுவிட்டு அச்சிட்டால், வாசகர் பினாங்கு ரோட்டில் சாப்பிட்டுக் கண்டுபிடித்துக்கொள்வார்.