பெரும்பான்மை என்னும் சாக்கு

நரசிம்ம ராவின் சிறுபான்மை அரசு (1991–96) பற்றிய அரசியல் கட்டுரைகளை வாசிக்கும்போதெல்லாம் ஒரு விடுபடல் என்னை உறுத்தும். தாராளமயம், பாபர் மசூதி இடிப்பு, 1993 ஜூலை 28 அன்று நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் 265க்கு 251 என்று அரசு தப்பியது, அதற்காகப் பணம் கைமாறிய வழக்கு என எல்லாமே ஆண்கள் ஆடிய சதுரங்கம். அதே நாடாளுமன்றம் 1992 டிசம்பரில் நிறைவேற்றிய 73, 74ஆம் திருத்தங்கள் ஒற்றை வரியில் முடிந்துவிடும்.

உள்ளாட்சிகளில் மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு என்றன அத்திருத்தங்கள். நானூறுக்கும் மேற்பட்ட எம்.பி.க்களை வைத்திருந்த ராஜீவ் காந்தி அரசு இதே நோக்கில் கொண்டுவந்த 64ஆம் திருத்த மசோதா 1989இல் மாநிலங்களவையில் தோற்றது. பெரும்பான்மையே இல்லாத ராவ் அரசு, மசூதி இடிக்கப்பட்ட பதினாறாம் நாள், எதிர்க்கட்சிகளின் ஆதரவோடு மக்களவையில் அதைச் சாதித்தது. இதை ராவின் பெருந்தன்மை என்று நான் சொல்லவில்லை. எண்ணிக்கை ஒரு தடையே அல்ல என்கிறேன்.

பிறகு எது தடை? 1996 செப்டம்பர் 12 அன்று, இன்னொரு சிறுபான்மை அரசான தேவகவுடா அரசு, நாடாளுமன்றத்திலும் சட்டமன்றங்களிலும் அதே மூன்றில் ஒரு பங்கைக் கேட்டு மசோதா கொண்டுவந்தது. உடனே "ஒருமித்த கருத்து இல்லை" என்றார்கள். உள்ளாட்சியில் அவர்கள் விட்டுக்கொடுத்தது ஊரில் யாருடைய நாற்காலியையோ. இப்போது கேட்டது வாக்களிக்கும் கையின் சொந்த நாற்காலியை.

உள்ளாட்சி நாற்காலியும் எளிதானதல்ல. 1996 தேர்தலில் வென்று, மதுரை வில்லாபுரத்தில் தண்ணீருக்காகப் போராடிய மாமன்ற உறுப்பினர் லீலாவதி, 1997 ஏப்ரலில் வெட்டிக் கொல்லப்பட்டார். அந்த விலையைப் பெண்கள் கொடுத்துக்கொண்டிருக்க, மேலே பேச்சு மட்டும் நீண்டது.

2014இல் தனிப் பெரும்பான்மை பெற்ற பா.ஜ.க. அரசுக்கும் ஒன்பது ஆண்டுகள் தேவைப்பட்டன. 2023இல் மக்களவையில் எதிர்த்தவர்கள் இரண்டே பேர். ஆனால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகே நடைமுறை என்று சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். உட்கார்ந்திருந்தவர் எவரும் அன்று எழ வேண்டியிருக்கவில்லை.

ஆகவே, தோழியரே, "அரசுக்குப் பலமில்லை" என்று யாராவது சமாதானம் சொன்னால், 1992 டிசம்பரை நினைவூட்டுங்கள். யாருடைய இடத்தைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தே அவர்களுக்குப் பலம் வருகிறது, போகிறது.