கோவென்ட் கார்டனில் மிஞ்சியது எது?

பழைய சந்தைகளைப் புதுப்பிப்பது பற்றிப் பேச்சு எழுந்தால், லண்டனின் கோவென்ட் கார்டன் சதுக்கத்தை எடுத்துக்காட்டாகச் சொல்லாத திட்ட வல்லுநர்கள் குறைவு. இடிபடவிருந்த இடம் தப்பியது, இன்று உலகெங்கிலுமிருந்து மக்கள் வந்து குவிகிறார்கள் என்பார்கள். அது பாதி உண்மைதான். தப்பியது எது, யாருக்குப் பயன்பட்டது என்று கேட்டால்தான் மீதிப் பாதி தெரியவரும்.

1630-களில் இனிகோ ஜோன்ஸ் வடிவமைத்த சதுக்கம் அது. நிலம் அப்போது பெட்ஃபோர்டு பிரபுக் குடும்பத்துடையது. அங்கே சந்தை நடத்தும் உரிமையை 1670-இல் அரசர் இரண்டாம் சார்லஸ் அவர்களுக்கு வழங்கினார். சார்லஸ் ஃபௌலரின் வடிவமைப்பில் 1830-இல் முடிந்த கட்டடம் இன்றும் நடுவில் நிற்கிறது. இருபதாம் நூற்றாண்டில் அது லண்டனின் பெரும் காய்கனி, பூ மண்டி. வட்டக் கூடைகளை ஒன்றன்மேல் ஒன்றாகத் தலையில் அடுக்கிக்கொண்டு சுமைதூக்கும் தொழிலாளிகள் விடியுமுன்னே நடப்பார்கள். குதிரைவண்டிக் காலத்துத் தெருக்களில் லாரிகள் புகுந்தபோது நெரிசல் தாங்க முடியாமல் போயிற்று. மொத்த வியாபாரத்தை வெளியே கொண்டுபோனது சரியான முடிவே. பழைமைப் பாசத்தால் அதைக் குறை சொல்வது நியாயமாகாது. 1974 நவம்பரில் மண்டி தேம்ஸுக்குத் தெற்கே நைன் எல்ம்ஸுக்குப் போனது. இன்றும் அங்கே இயங்குகிறது.

பிழை வேறிடத்தில் இருந்தது. காலியாகப்போகும் பகுதிக்காகப் பெருநகர லண்டன் மன்றம் 1968-இல் முன்வைத்த திட்டம், சுற்றியுள்ள தெருக்களில் பெரும்பகுதியை இடித்து அகலச் சாலைகளும் ஓட்டல்களும் மாநாட்டு மண்டபமும் கட்டச் சொன்னது. அங்கே குடியிருந்தவர்கள் 1971-இல் சங்கம் அமைத்துப் போராடினார்கள். 1973-இல் அரசு ஏறத்தாழ 250 கட்டடங்களைப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்ததும் அந்தத் திட்டம் நொறுங்கிப்போனது. மக்கள் எதிர்த்ததால் லண்டன் எதிலிருந்து தப்பியது என்பதற்குப் பாரிஸே சாட்சி. அங்கே லே ஆல் சந்தை 1969-இல் ருன்ஜிஸ் என்ற புறநகருக்கு மாற்றப்பட்டது. பால்த்தார் கட்டிய இரும்புக் கூடங்களை 1971 முதல் இடித்துத் தள்ளினார்கள். ஒன்றை மட்டும் பெயர்த்து நோஜான்-சுர்-மார்ன் என்ற ஊரில் நிறுத்தினார்கள். பல ஆண்டுகள் வெறும் பள்ளமாகக் கிடந்த இடத்தில் 1979-இல் நிலத்தடி வணிக வளாகம் வந்தது. அதுவும் பிடிக்காமல் போய், மறுபடி மாற்றிக் கட்டி, 2016-இல் புதிய கூரை போட்டார்கள்.

கோவென்ட் கார்டன் போராட்டத்தின் உயர்ந்த பலனாக நான் கருதுவது சந்தைக் கட்டடத்தை அல்ல, அருகிலுள்ள ஓடம்ஸ் வாக் குடியிருப்பைத்தான். பழைய அச்சகம் இருந்த மனையில் மன்றமே கட்டிக்கொடுத்த நூறுக்கு மேற்பட்ட வீடுகள் அவை. நகரின் மையத்தில் சாதாரணக் குடும்பங்கள் தொடர்ந்து வாழ அவை வழிசெய்தன. சுற்றுலாக் கையேடுகளில் இதற்கு இடமிருக்காது.

1980 ஜூனில் ஃபௌலரின் கட்டடம் சில்லறைக் கடைகளோடு மறுபடி திறந்தது. நிலம் மன்றத்தின் கையில் இருந்ததால் சிறு கடைகளுக்கு இடம் கிடைத்தது. சதுக்கத்தில் காலாற நடக்க முடிந்தது. பூச்சந்தைக் கட்டடம் போக்குவரத்து அருங்காட்சியகமாயிற்று. புனித பால் தேவாலயத்தின் முன்மண்டபத்தில் தெருக் கலைஞர்கள் வித்தை காட்டினார்கள். சாமுவேல் பீப்ஸ் 1662-லேயே இங்கே பொம்மலாட்டம் பார்த்ததைத் தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார் என்பதால், இதை ஒட்டவைத்த அலங்காரம் என்று ஒதுக்கவும் முடியாது. இவையெல்லாம் உண்மையான பலன்கள்.

ஆனால் 1986-இல் மன்றமே கலைக்கப்பட்டது. சந்தை தனியார் முதலீட்டுக்குப் போனது. 2006-இல் கேப்பிட்டல் அண்ட் கவுன்ட்டீஸ் நிறுவனம் 42.1 கோடி பவுண்டுக்கு வாங்கியது. அவ்வளவு பணம் போட்டவர் அதை வாடகையில்தான் எடுக்க வேண்டும். 2010-இல் சதுக்கத்தில் ஆப்பிள் கடை வந்தது, பெரிய நிறுவனங்களின் கடைகள் பெருகின. 1988 முதல் ஓர் அறக்கட்டளை காவலுக்கு இருக்கிறது. ஆண்டு வாடகையாக ஒரு சிவப்பு ஆப்பிளும் ஒரு பூச்செண்டும் கொடுத்துப் பெற்ற குத்தகை உரிமையால், இடத்தின் பயன்பாடு குறித்து அதற்குக் குரல் உண்டு. அந்த ஏற்பாட்டை நான் மதிக்கிறேன். ஆனால் கடைக்காரரை வெளியேற்றுவது இடிப்பு இயந்திரம் மட்டுமல்லவே. வாடகைச் சீட்டும் அதே வேலையைச் செய்யும். அதற்கெதிரான பாதுகாப்பை 1980-லேயே பத்திரத்தில் எழுதிவைத்திருக்க வேண்டும்.

ஒரே உரிமையாளர் இருந்தால் பராமரிப்பு சீராக நடக்கும், பழைய கட்டடத்தைப் பேணப் பெரும் செலவாகும் என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. இருந்தாலும் பக்கத்துத் தெருக்காரர் அன்றாடம் பை எடுத்துக்கொண்டு வரவேண்டிய தேவை இல்லாத இடத்தைச் சந்தை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2020-இல் கொரோனா பெருந்தொற்றால் பயணிகள் வராமல் போனதும் சதுக்கம் வெறிச்சோடியது. அதைத் தாங்கிப்பிடிக்க அக்கம்பக்கத்து வாடிக்கை போதுமானதாக இல்லை.

சதுக்கத்தின் தெற்குப் பக்கத்தில் ஜூபிலி சந்தைக் கூடம் இருக்கிறது. திங்களன்று பழம்பொருள், வார இறுதியில் கைவினைப்பொருள் என்று அங்கும் பெரும்பாலும் பயணிகளை நம்பியே வியாபாரம் நடக்கிறது. ஆனால் அந்தக் கூடம் கடைக்காரர்களே கூடி வாங்கியது. வாடகையை வெளி முதலீட்டாளர் நிர்ணயிப்பதில்லை. சந்தையைப் புதுப்பிக்கக் கிளம்பும் நகராட்சிகள் முதலில் பார்க்க வேண்டியது அந்தக் கூடத்தைத்தான். வரைபடம் தீட்டுமுன் பழைய கடைக்காரர் எந்த வாடகைக்கு, எத்தனை ஆண்டுக்குத் திரும்பி வருவார் என்பதை எழுத்தில் கொடுங்கள்.