நிலக்கிளியில் காதலும் கல்வியும்

காதலுக்கு மரபு பகை, கல்வி துணை என்பது நாவல் இலக்கியத்தில் நெடுங்காலமாக வழங்கிவரும் ஒரு பாகுபாடு. மலாய் மொழியின் தொடக்ககால நாவல்களுள் ஒன்றான 'பரீதா ஹனும்' இதற்குத் தக்க சான்றாகும். சையத் ஷேக் அல்-ஹாதி 1925, 1926 ஆம் ஆண்டுகளில் பினாங்கில் வெளியிட்ட அந்நூல், கெய்ரோ நகரத்துச் செல்வக்குடிப் பெண்ணொருத்தியின் காதலைக் கூறுவது. பெற்றோர் விதித்த மணத்தை மறுத்துரைக்கும் துணிவை அவளுக்கு அளிப்பது அவள் கற்ற கல்வியே.

ஏறத்தாழ அரை நூற்றாண்டின் பின், 1973 இல், வீரகேசரி வெளியீடாக வந்த அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி' இப்பாகுபாட்டை மறுபரிசீலனைக்கு உட்படுத்துகின்றது. வன்னிப் பெருநிலப்பரப்பில், முல்லைத்தீவைச் சார்ந்த தண்ணிமுறிப்பே அதன் களம். குளமும் வயலும் காடும் சூழ்ந்த அச்சிற்றூரில் கதிராமனும் பதஞ்சலியும் ஒருவரையொருவர் விரும்புகின்றனர். தந்தையின் எதிர்ப்பை மீறிக் கதிராமன் அவளை மணந்து தனிக்குடில் அமைக்கின்றான். ஈண்டு நோக்கத்தக்கது யாதெனில், குடிப்பெருமை என்னும் வேலியைத் தாண்ட இவ்விருவருக்கும் ஏட்டுக்கல்வி வேண்டியிருக்கவில்லை என்பதே. தம் கையுழைப்பில் அவர்கள் கொண்ட நம்பிக்கையே அவ்வுரத்தை நல்கிற்று.

கல்வி அவ்வூருக்குப் பின்னரே வருகின்றது. இளம் ஆசிரியர் சுந்தரலிங்கம் பதஞ்சலிக்கு எழுத்தறிவிக்கின்றார். நூல்களின் வாயிலாக அவள் காணும் உலகு விரிகின்றது. ஆசிரியர் உள்ளமோ அவள்பால் சாய்கின்றது. மரபின் எதிர்ப்பால் கலையாத இல்லறம், கல்வியோடு வந்த நட்பால் கலக்கமுறுகின்றது. நிலத்தை ஒட்டி வாழ்ந்து, உயரப் பறவாத பறவையின் பெயரை நாவலுக்குச் சூட்டியதன் பொருத்தம் இவ்விடத்தே புலனாகும். சூது அறியாமை அவளுக்கு அழகு. அதுவே அவளுக்குக் காவலின்மையும் ஆயிற்று.

இதுகொண்டு, கல்வியே தீது என நாவல் சாற்றுவதாகக் கொள்ளுதல் பொருந்தாது. பதஞ்சலியின் கற்கும் ஆர்வத்தில் மாசு யாதுமில்லை. எழுத்தைக் கொணர்ந்தவர், அதனைப் பெறுபவளின் நம்பிக்கைக்குத் தாம் பொறுப்பாளர் என்பதை உணராமையே குற்றம். ஆசிரியரைக் கொடியவராகத் தீட்டியிருப்பின் படிப்போர் எளிதில் பழிகூறி அமைந்திருப்பர். படித்த, பண்புள்ள, தனிமையுற்ற ஓர் இளைஞராகவே அவரைப் படைத்தமையால் இந்நாவல் எழுப்பும் வினா கூர்மை பெறுகின்றது.

அவ்வினா கற்றோரை நோக்கியது. ஒரு சிற்றூருக்குள் ஏடும் எழுதுகோலும் கொண்டு நுழைவோர், அங்கு முன்னரே வாழ்ந்துகொண்டிருக்கும் அறத்தையும் அன்பையும் அறிந்துகொள்ளக் கடமைப்பட்டவரல்லரோ? ஊருக்குக் கற்பிக்கச் செல்பவர் ஊரிடம் கற்க வேண்டுவதும் உண்டு. வன்னி மண்ணின் நாவல்களுள் 'நிலக்கிளி' நிலைத்த இடம் பெறுவதற்கு மண்வாசனை மட்டுமன்று, இவ்வுண்மையும் காரணமாகும்.