எலிவழிப் பூஞ்சையும் மூலிகைச் சாறும்: ஆய்வு முடிபுகள் குறித்த ஒரு திறனாய்வு

நெல்லும் நிலக்கடலையும் முந்திரியும் விளையும் கந்தர்வக்கோட்டை வட்டாரம் போன்ற வேளாண் நிலங்களில், எலிகளின் மயிரிலிருந்து பூஞ்சைகளைப் பிரித்தெடுத்தலும் அவற்றின்மீது மூலிகைச் சாறுகளைச் சோதித்தலும் ஒரே ஆய்வின் இரு பகுதிகளாக அமைவதுண்டு. தனித்தனியே இரண்டும் பயனுடையன. எலியின் பூஞ்சையே மக்களின் படர்தாமரைக்குக் காரணம், அதற்கு இம்மூலிகை மருந்து என்று இரண்டையும் இணைக்கும் முடிபே போதிய சான்றின்றி எழுதப்படுகிறது.

கெரட்டினை உண்டு வாழும் பூஞ்சைகள் மண்ணில் மிகுதி. மண்ணின்மேல் மயிரைத் தூவி அவற்றை வளர்த்தெடுக்கும் முறையை வான்பிரௌசெகம் 1952இல் விளக்கினார். ஆகவே வளை தோண்டும் விலங்கின் மயிரில் அவை ஒட்டியிருத்தல் வியப்பன்று. அது நோய்ப்பரவலுக்குச் சான்றும் அன்று. இவ்வகை ஆய்வுகளுக்கு முன்னுதாரணமாகக் கூறத்தக்க தலரோமைசிஸ் மார்னெஃபி 1956இல் வியட்நாமின் மூங்கில் எலியிடம் கண்டறியப்பட்டது; இந்தியாவில் அது பெரிதும் மணிப்பூரைச் சார்ந்தது. மூங்கில் எலி வாழாத புதுக்கோட்டைச் சமவெளிக்கு அது பொருந்தாது.

இதனினும் பெரிய சிக்கல் பெயரில் உள்ளது. ட்ரைக்கோபைட்டான் மென்டாகிரோபைட்டிஸ் எலி, முயல் முதலியவற்றிலிருந்து மனிதருக்குத் தொற்றவல்லது. ஆனால் இந்தியாவில் அண்மைக்காலத்தில் பெருகிய படர்தாமரைக்கு முதன்மைக் காரணம் அதன் நெருங்கிய உறவான ட்ரைக்கோபைட்டான் இன்டோட்டினியே. இப்பெயர் 2020இல்தான் இடப்பட்டது. இது மனிதரிடமிருந்து மனிதருக்கே பெரிதும் பரவுகிறது. நுண்ணோக்கியில் இரண்டையும் பிரித்தறிய இயலாது. மரபணு வரிசை வேண்டும். வரிசை காணாமல் பழைய பெயரை எழுதும் ஆய்வு, துண்டும் படுக்கையும் பகிரும் குடும்பத்தினுள் பரவும் நோய்க்கு வயல் எலியைக் குற்றவாளியாக்கிவிடக்கூடும். மூஞ்சூற்றையும் எலிக்கணக்கில் சேர்க்கும் வழக்கு வேறு உண்டு. அது கொறிக்கும் விலங்கே அன்று.

மூலிகைப் பகுதியில் வண்டுகொல்லி எனப்படும் சீமையகத்தி தக்க சான்று. அதன் இலையை எலுமிச்சைச் சாற்றில் அரைத்துப் படர்தாமரைக்குப் பூசுவது மக்கள் வழக்கு. ஆய்வகத்தில் சோதிக்கப்படுவதோ பெரும்பாலும் மெத்தனால் சாறு. அதன் விளைவைக்கொண்டு மக்கள் மருத்துவம் மெய்ப்பிக்கப்பட்டதாகக் கூறுதல் தாவல். மேலும், அகார் தட்டில் தோன்றும் தடுப்பு வளையத்தின் அகலம் வீரியத்தை மட்டும் காட்டுவதில்லை. இவ்விலையிலுள்ள கிரைசோபனால் போன்ற ஆந்த்ரகுவினோன்கள் நீரில் அரிதாகவே கரைவதால் அகாரில் நன்கு பரவா. வளையம் சிறுத்தமையால் சாறு வலுவற்றது என்பதும் பிழையாகலாம். நீர்ம ஊடகத்தில் மிகக் குறைந்த தடுப்புச் செறிவை அளவிட்டு, கரைப்பானை மட்டும் இட்ட ஒப்பீட்டையும் உடன் தருதல் வேண்டும்.

இன்டோட்டினியே வகைகள் பலவற்றில் ஸ்குவாலீன் எபாக்சிடேஸ் மரபணு மாற்றத்தால் டெர்பினாபின் பயன் தருவதில்லை. நோயாளியின் தோலிலிருந்து பிரித்தெடுத்த அத்தகைய வகைமீது, மக்கள் பூசும் அதே எலுமிச்சை விழுதைச் சோதிப்பதே இத்துறையில் முதலில் செய்யத்தக்கது. அதற்கு எலிப்பொறி தேவையில்லை.