முதலில் பாடியவர் யாரிடம் பாடினார்?

விட்னி ஹூஸ்டனின் ‘ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ’வைக் கேட்காதவர்கள் குறைவு. அது டாலி பார்ட்டன் எழுதி, 1973ல் நாஷ்வில்லில் அவரே பாடிப் பதிவு செய்த பாட்டு என்று யாராவது சொன்னால் ஆசையாகத் தேடிப் போட்டுக் கேட்போம். அரை நிமிடத்தில் சப்பென்று ஆகிவிடும். ‘இவ்வளவுதானா?’

விட்னியின் குரல் காதில் ஊறிப்போயிருக்கிறது. அந்த உச்சம் எப்போது வரும் என்று காது காத்துக்கொண்டே இருக்கிறது. வராததை எல்லாம் டாலியின் கணக்கில் குறையாக எழுதிவிடுகிறது. அதனால் இரண்டையும் அடுத்தடுத்துப் போடாதீர்கள். டாலியைக் கேட்கிற அன்று விட்னிக்கு விடுமுறை. முதலில் டாலியின் வேறு பாட்டு ஒன்றைக் கேளுங்கள். இந்தப் பாட்டு வந்த அதே ஆல்பத்தில் இருக்கும் ‘ஜோலீன்’ போதும். அந்தக் குரலின் மெல்லிய நடுக்கத்துக்குக் காது பழகிய பிறகு இதற்கு வாருங்கள்.

கேட்கும்போது மனதில் ஒரு கேள்வி இருக்கட்டும்: இவர் யாரிடம் பாடுகிறார்? முதல் பதிவுகளில் பெரும்பாலும் எதிரே ஓர் ஆள் இருப்பார். பாட்டு கைமாறி ஊரெல்லாம் போகும்போது முதலில் காணாமல் போவது அந்த ஆள்தான்.

டாலியின் பாட்டில் எதிரே நிற்பவர் போர்ட்டர் வேகனர். தன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் இடம் கொடுத்து டாலியை வளர்த்துவிட்டவர். அவரை விட்டுத் தனியாகப் போக முடிவெடுத்த டாலி, அதைச் சொல்வதற்காக எழுதிய பாட்டு இது. காதலனை நினைத்துக் கேட்பதை நிறுத்திவிட்டு, குருவிடம் விடைபெறுவதாகக் கேட்டுப் பாருங்கள். மூன்றாவது சரணத்தில் டாலி பாடுவதையே நிறுத்திவிட்டுப் பேசுகிறார். நன்றாக இருங்கள் என்று வாசலில் நின்று சொல்கிற தொனி. அங்கே மெட்டு இருந்திருந்தால் கெட்டுப்போயிருக்கும்.

அந்தச் சரணத்துக்கு ஒரு கதை உண்டு. பாடகி லிண்டா ரான்ஸ்டாட் 1975ல் பாடிய வடிவத்தில் அது இல்லை. ‘தி பாடிகார்ட்’ படத்துக்காக விட்னி பாடியபோது படக்குழுவின் கையில் இருந்தது அந்த வடிவம். தயாரிப்பாளர் டேவிட் ஃபாஸ்டர் போனில் பேசும்போது டாலிதான் இன்னொரு சரணம் இருப்பதைச் சொல்லி அதைச் சேர்க்க வைத்தார். 1992 பதிவில் அது சாக்ஸபோனுக்குப் பிறகு வருகிறது. விட்னி அதைப் பேசவில்லை, பாடுகிறார். பாடி முடித்ததும் சட்டென்று ஓர் இடைவெளி, டிரம்மில் ஒரே அடி, பாட்டு ஒரு படி மேலே ஏறிவிடும். அங்கே எதிரே இருப்பது ஓர் அரங்கம். நான் விட்னியின் ரசிகன்தான். ஆனாலும் வேகனர் அந்த இடத்தில் எழுந்து போய்விட்டார் என்றே எனக்குத் தோன்றும்.

‘ஹவுண்ட் டாக்’ பாட்டில் இந்த வித்தியாசம் இன்னும் அப்பட்டம். எல்விஸ் பாட்டு என்றே உலகம் நினைத்துக்கொண்டிருக்கிறது. 1952 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலிஸில் முதலில் பாடியவர் பிக் மாமா தார்ன்டன். அவருக்காகவே எழுதிக் கொடுத்தவர்கள் ஜெர்ரி லீபர், மைக் ஸ்டோலர். இருவருக்கும் அப்போது 19 வயது. ஒட்டுண்ணியாக வந்து உட்கார்ந்துகொண்ட ஆம்பளையை ஒரு பெண் வீட்டைவிட்டுத் துரத்துகிற பாட்டு. வேகம் குறைவு. அவசரப்பட்டுத் திட்டுகிற ஆள் இல்லை அவர். ஒவ்வொரு சொல்லையும் இழுத்து, உறுமி, நிதானமாகத் திட்டுகிறார். பீட் லூயிஸின் கிட்டார் ஒவ்வொரு வரிக்கும் பதில் சொல்லிக்கொண்டே வருகிறது. கிட்டார் தனியாக வாசிக்கும் இடத்தில் குரல் ஓய்ந்துவிடும் என்று எதிர்பார்ப்போம். அங்கேதான் வேடிக்கை. தார்ன்டன் கிட்டாரிடம் பேசுகிறார், சீண்டுகிறார், உசுப்பேற்றுகிறார். அதை ஹெட்போனில் ஒருமுறை கவனியுங்கள். கடைசியில் வாத்தியக்காரர்கள் எல்லோரும் நாய் மாதிரி ஊளையிடுகிறார்கள்.

லாஸ் வேகஸில் ஃப்ரெடி பெல் குழுவினர் இதன் சொற்களை மாற்றிக் கேலிப்பாட்டாகப் பாடிக்கொண்டிருந்தார்கள். 1956ல் எல்விஸ் எடுத்துக்கொண்டது அந்த வடிவத்தை. திட்டு வாங்கிய ஆம்பளை இப்போது நிஜமாகவே நாயாகிவிட்டான்! எல்விஸ் பதிவின் பலம் டி. ஜே. ஃபான்டானாவின் டிரம்ஸ், அதைக் கேட்டுக் கால் ஆடாமல் இருக்காது. ஆனால் யாரை வைகிறார் என்று கேட்டால் பதில் கிடையாது. தார்ன்டன் தனக்கு இந்தப் பாட்டால் கிடைத்தது 500 டாலர் காசோலை ஒன்றுதான் என்று சொல்லியிருக்கிறார்.

மறுபாடல் என்றாலே ஆள் தொலைந்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். ‘ரெஸ்பெக்ட்’ பாட்டை எழுதி 1965ல் பாடிய ஆட்டிஸ் ரெடிங்கின் வடிவத்தில், சம்பாதித்துக்கொண்டு வீட்டுக்கு வரும் கணவன் மனைவியிடம் மரியாதை கேட்கிறான். சுமார் இரண்டே நிமிடம் ஓட்டமாக ஓடுகிற பாட்டு; டிரம்பெட்டும் சாக்ஸபோனும் சேர்ந்து பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே வரும். அரீத்தா ஃப்ராங்க்ளின் 1967ல் அதைத் திருப்பிப்போட்டார்: கேட்பவள் பெண், எதிரே நிற்பவன் அந்தக் கணவன். தலைப்பை எழுத்துக்கூட்டிப் பாடுவது, தங்கையையும் அக்காவையும் பின்னணியில் பாட வைத்தது எல்லாம் அரீத்தா சேர்த்தவை. இங்கே நான் அரீத்தா கட்சி. மான்டரே இசை விழாவில் ஆட்டிஸே, ஒரு பெண் தன்னிடமிருந்து தட்டிப் பறித்துக்கொண்ட பாட்டு இது என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் பாடினார். அரீத்தாவின் பாட்டை ஒரு சண்டையின் பதிலாக எடுத்துக்கொண்டால், ஆட்டிஸின் பதிவில் அதற்கு முந்தைய பேச்சு கிடைக்கும்.

தேடும்போது ஆண்டைப் பார்த்துப் போடுங்கள். டாலி 1982ல் ஒரு படத்துக்காக ‘ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ’வைத் திரும்பப் பதிவு செய்தார். அதுவும் கன்ட்ரி பட்டியலில் முதலிடம் பிடித்ததால் சில தொகுப்புகளில் அதுதான் இருக்கும். தார்ன்டனும் பின்னாளில் ‘ஹவுண்ட் டாக்’கை வேறு குழுக்களோடு பாடியிருக்கிறார். 1953ல் பீகாக் நிறுவனம் வெளியிட்ட இசைத்தட்டா என்று பாருங்கள். முடிவில் ஊளைச் சத்தம் கேட்டால் சரியான பதிவுதான்.